காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

மலை ரயிலைப் பற்றி யாராவது சிலாகித்துப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் புகுந்து போகும் பாதையைத்தான் சொல்கிறேன். குகைகள், பதிமூன்று கண் பாலம், தேக்கங்காடு, கதவில் தொங்கிக்கொண்டு கைபேசியை நீட்டும் கூட்டம் என்று தினம் ஒரு வீடியோவாவது கண்ணில் பட்டுவிடுகிறது. என் கடைக்கு மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள்கூட, "அண்ணே, அதுல போயிருக்கீங்களா? ஒருதரம் போயிட்டு வாங்க" என்பார்கள். போயிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நான் போனது பாதிவழிதான். நடுமலையில் இறங்கி, அதே வழியாக அன்றைக்கே திரும்பி வந்தவன் நான்.

கீரனூரில் எனக்கு, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை. வீடு குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை என்றார் டாக்டர். அந்த வருடம் ஐப்பசிக்குப் பிறகு அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். குடத்தோடு நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். கேரளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வால்வை மாற்றிவிடலாம் என்றார்கள். வரிசையில் காத்திருந்து நாலு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. தேதியைத் தவறவிடாதீங்க என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் கிளம்பியாக வேண்டும். அது எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. பங்குனியில் கோவில் கம்பத்திலும் பூசாரி கையிலும் மஞ்சள் கயிறு கட்டியதும் மைக்கில் சொல்லிவிடுவார்கள்: காப்புக் கட்டியாச்சு, வெளியூர் போறவங்க பொழுது சாய ஊர் திரும்பிடணும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இரவு ஊருக்குள் தங்க வேண்டும். தேர் ஓடிக் காப்பு அவிழ்க்கும்வரை வீட்டில் கறி மீன் கிடையாது, கடுகுகூடத் தாளிக்க மாட்டார்கள். மீறினால் அம்மை போடும் என்பது நம்பிக்கை. மீறியவரைவிட அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் போடும் என்பார்கள். நான் இதையெல்லாம் கிண்டல் செய்தே வளர்ந்தவன். தாளிக்காத குழம்பை ஒரு வாரம் தின்பதற்கு அம்மையே தேவலாம் என்று சொல்லி அம்மாவிடம் அடிவாங்கியிருக்கிறேன்.

"தேதியைத் தள்ளிக் கேக்க முடியாதாங்க?" என்றாள் மனைவி.

"ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரின்னா என்னன்னு தெரியாதா? ஒன்னைய மாதிரியா அவளும்?" என்று கத்தினேன்.

எங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. என் மனைவி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. மனைவியின் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காளுக்கு நெஞ்சில் கோளாறு என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிடுவார்கள் என்று பயம். அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த என் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். மகளை அவள் வீட்டில் விட்டோம். பக்கத்து வீட்டில், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை பார்க்கத் திருச்சிக்குப் போகிறோம், சாயங்காலம் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு, திருடர்கள் போல முதல் பஸ்ஸில் ஏறினோம். கோவிலைத் தாண்டும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து மதுரைக்கு வந்து, நண்பகல் ரயிலைப் பிடித்தோம். மதுரை ஸ்டேஷன் படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். வீங்கிய காலுக்குச் செருப்பு போதவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே பார்க்கவே இல்லை, என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தாள். ராஜபாளையத்தில், "இப்பத் திரும்பினா எப்ப ஊருக்குப் போவோம்?" என்றாள். சங்கரன்கோவிலில் அதையே கேட்டாள். தென்காசியிலும் கேட்டாள். பகல் இருக்கும்வரை காப்பை மீறவில்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு. அது ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் முதலில் பதில் சொன்னேன். பிறகு எரிந்து விழுந்தேன். அதற்கும் பிறகு தூங்குவது போல நடித்தேன்.

செங்கோட்டையில் வண்டிக்குப் பின்னாலும் ஒரு இஞ்சினை மாட்டினார்கள். மலை ஏறுவதற்கு ஒன்று இழுக்க வேண்டும், ஒன்று தள்ள வேண்டும். எங்கள் பெட்டியில் ஒரு கல்லூரிக் கூட்டம் இருந்தது. அது முழுக்கக் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓடியது. வண்டி நடந்துபோகிற வேகத்தில்தான் போயிற்று. முதல் குகைக்குள் நுழைந்ததும் இருட்டில் எல்லோரும் ஊளையிட்டார்கள். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. குகை முடிந்து வெளியே வந்தால், பள்ளத்தில் காடு, எதிரே சுவர் போல மலை. நம் ஊரில் மலை என்றால் நார்த்தாமலைதான். வெறும் பாறை, ஏறி இறங்கி ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். இது அப்படி இல்லை.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் வெயில் சட்டென்று போய்விட்டது. மணி நாலரைகூட ஆகவில்லை. மேற்கே உயரமான மலை நின்றால் சூரியன் அதற்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் சமவெளிக்காரர்கள். சூரியன் மறைந்தால் இருட்டப் போகிறது என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பொழுது போச்சு" என்றாள்.

"மணியைப் பாரு. மலை மறைக்குது, அவ்வளவுதான்."

"பொழுது போச்சுங்க. விளக்கு வச்சிருப்பாக."

அவள் அழக்கூட இல்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு ஆனாப் பரவாயில்ல. பாப்பாவுக்குப் போட்டுருச்சுன்னா நான் பொழச்சு வந்து என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பாலம் வந்தபோது பெட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் போலக் கூட்டம் மறுபுறம் ஓடியது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

பாலம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் வண்டி வந்து கிராசிங் ஆன பிறகுதான் போகும், இருபது நிமிடமாவது ஆகும் என்றார் டிக்கெட் பரிசோதகர். நடுவில் ஒரே பிளாட்பாரம். இந்தப் பக்கம் எங்கள் வண்டி நின்றது, அந்தப் பக்கம் காலியாக இருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். அவள் இருக்கையில் இல்லை. பிளாட்பாரத்தில், தூங்குமூஞ்சி மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"நான் வரலைங்க. எதிர் வண்டி நம்ம பக்கந்தானே போகுது. விடியறதுக்குள்ள ஊர் எல்லையில கால் வச்சிட்டா ஆத்தா மன்னிச்சுருவா."

நான் அன்றைக்குப் பேசியதை முழுக்க எழுத எனக்குத் தைரியமில்லை. நாலு மாதம் காத்திருந்ததைச் சொன்னேன். அவள் படித்த படிப்பைச் சொல்லி ஏசினேன். "செத்துத்தான் போவேன்னு அடம்பிடிக்கிறியா, சாவு" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கல்லூரிக் கூட்டம் கைபேசியைத் தாழ்த்திக்கொண்டு எங்களைப் பார்த்தது. பிறகு கத்தவும் முடியாமல் அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கும்பிட்டுக் கெஞ்சினேன். அவளும் அழுதாள். டீ விற்பவர் கேட்காமலே இரண்டு கிளாஸ் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். அவளுடைய மூச்சு கொஞ்சம் சீரானது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பத்து வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் மேல் இரக்கப்பட்டது போல இருந்தது.

"சரி, எந்திரிங்க. ஏறுவோம். பிள்ளையை ஆத்தாவே பாத்துக்கிடட்டும். நான் இருந்தாத்தானே அடுத்த வருசம் அவளுக்குப் பால்குடம் எடுக்க முடியும்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவளே எழுந்தாள். நான் தோளைப் பிடிக்கப் போனதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, அவளாகவே நடந்து எங்கள் பெட்டிவரை போய்விட்டாள். கதவுக் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். அந்தப் பக்கம் எதிர் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது.

குகைகளுக்குள் சிக்னல் இல்லாமல் கிடந்த என் கைபேசி அப்போதுதான் அடித்தது. என் அக்கா.

"தம்பி, எங்கிட்டு இருக்கீங்க? பாப்பாவுக்கு மத்தியானத்துலேர்ந்து ஒடம்பு அனலா சுடுது. நெஞ்சுலயும் கழுத்துலயும் முத்து முத்தாப் போட்டிருக்கு. நான் வேப்பெலை பறிச்சுச் சுத்தி வச்சிருக்கேன். எனக்குப் பயமா இருக்குடா."

முப்பத்தாறு வயதுவரை நான் செய்த கிண்டலையெல்லாம் யாரோ சேர்த்துவைத்திருந்து ஒரே நாளில் கேட்பது போல இருந்தது. குழம்பு, கடுகு, அம்மாவிடம் வாங்கிய அடி எல்லாம் ஞாபகம் வந்தது. காலையில் கோவிலைத் தாண்டும்போது நான் தலையைக்கூடக் குனியவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"யாருங்க? பாப்பாவா?" என்றாள் படியிலிருந்து.

மறைத்திருக்கலாம். கடையிலிருந்து என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து எத்தனையோ பொய் சொன்னவன்தானே. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் நெற்றியை வைத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஒங்க அக்கா பாத்துக்கிருவாங்க. நீங்க ஏறுங்க" என்றாள். நான் அசையவில்லை. "இப்பத் திரும்பினா மறுபடியும் என்னைய இம்புட்டுத் தூரம் ஒங்களால கொண்டாந்து சேக்க முடியாதுங்க. என்னைய எனக்குத் தெரியும். ஏறுங்க."

எங்கள் வண்டி ஹார்ன் கொடுத்தது. நான் ஏறினேன். ஏறி, இருக்கைக்கு அடியில் இருந்த பையை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். அவள் கையைக் கம்பியிலிருந்து பிரித்தேன். அவள் விடவில்லை, இரண்டு விரலை நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தைக் குறுக்கே தாண்டி அவளை எதிர் வண்டியில் ஏற்றினேன்.

திரும்பி வரும் வழியில்தான் அவள் மலையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒருவேளை இனி முடிவு தன் கையில் இல்லை என்று விட்டுவிட்டாளோ, தெரியவில்லை. முகத்திலிருந்த பயம் போய்விட்டது. பாலத்தில் வண்டி வளையும்போது, "நாம வரும்போது இந்தப் பாலம் இருந்துச்சா?" என்று கேட்டாள். கீழே ரோட்டில் போகிற பஸ்ஸைக் காட்டினாள். ஒரு திருப்பத்தில் மலை விலகி, எங்கள் மேல் முழு வெயில் விழுந்தது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. "பொழுது போகவே இல்ல பாருங்க, நான் ஒரு கூறுகெட்டவ" என்று சிரித்தாள். காலையில் கட்டிக்கொண்டுவந்த, தாளிக்காத புளிச்சோற்றை அப்போதுதான் பிரித்தாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன் ஊருக்குள் வந்துவிட்டோம். வெளிச்சம் வந்ததும் அக்கா வீட்டு வாசலில் வைத்து மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வேர்க்குரு. பங்குனி வெயிலில் நாள் முழுக்கத் தேர் நிற்கும் தேர்முட்டியில் விளையாடினால் எந்தப் பிள்ளைக்கும் வருகிற வேர்க்குரு. சூடு இரவே இறங்கியிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் உட்கார்ந்து, பசிக்குது என்றாள். என் மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு, கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு அந்த நிமிடம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வரிசையில் மறுபடி சேர்த்து ஆவணியில் ஒரு தேதி கொடுத்தார்கள். அவள் ஆனி மாதம் இறந்துபோனாள். காலையில் மகளுக்குத் தலைபின்னிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்தவள்தான்.

கருமாதி அன்று கோவில் பூசாரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "தம்பி, ஆசுபத்திரிக்குப் போறவுகளுக்கும் பிரசவத்துக்குப் போறவுகளுக்கும் காப்பு கெடையாதேப்பா. சன்னதியில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துன்னூறு பூசி நானே பஸ் ஏத்திவிட்டிருப்பேனே" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அன்றைக்கு அவரைப் பிடித்து அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது நாங்கள். கேட்டிருந்தால்தானே அவர் சொல்ல முடியும்?

அவள் காப்புக்குப் பயந்து நடுவழியில் இறங்கிவிட்டாள் என்றுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை நான் ஆரம்பிக்கவில்லை. துக்கத்துக்கு வந்த யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. அக்காவும் அப்படித்தான் நம்புகிறாள். நம்புவது அவளுக்கும் நல்லது, போன் செய்தவள் அவள்தானே.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கைபேசியைக் கொண்டுவந்து அந்தப் பாலத்து வீடியோவைக் காட்டினாள்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் போனது இதுலதானே?"

"இதுலதாம்மா."

கடைசிவரை பார்த்தாள். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அம்மா மேல கோவமா வருதுப்பா" என்றாள். "அன்னைக்கி எறங்காமப் போயிருந்தா இப்ப இருந்திருப்பாங்கல்ல? நான் ஒருத்தி இருக்கேன்னு அவங்க நெனச்சே பாக்கலல்ல?"

உன் அம்மா படியில் காலை வைத்துவிட்டாள், ஏறுங்க என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள், கம்பியை விடமாட்டேன் என்று பிடித்தாள், விரலைப் பிரித்து இறக்கியவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மகள் அடுத்த கேள்வி கேட்பாள். ஏன் இறக்கினீங்க என்பாள். உனக்கு வேர்க்குரு வந்தது, அதனால் இறக்கினேன் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்ல? இந்த ஒரு வாரமாக, சொல்வதா, இப்படியே விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவள் அம்மா மேல் கோபத்தோடு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.